கப்பல் எந்தத் தட்டில்? ஆள், இடம், பொருள் எனப் பெயர்ச்சொற்களைப் பிரிப்பது குறித்து

மூன்றாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெயர்ச்சொல் நடத்தும்போது பிள்ளைகளிடம் சொல்லட்டைகளைக் கொடுத்து, ‘ஆள்’, ‘இடம்’, ‘பொருள்’ என்று எழுதிய மூன்று தட்டுகளில் பிரித்து வைக்கச் சொல்வது என் வழக்கம். பல ஆண்டுகளாகச் செய்துவரும் பயிற்சிதான். ஆனால் இம்முறை நான்கு அட்டைகளில் வகுப்பே நின்றுவிட்டது. எனக்கும் உறுதியான விடை சொல்லத் தெரியவில்லை.

முதல் அட்டை ‘கப்பல்’. அதை எடுத்த சிறுமி பொருள் தட்டுக்கு நேராகக் கையைக் கொண்டுபோனாள். வைக்கவில்லை. கையை அப்படியே நகர்த்தி இடம் தட்டுக்கு மேலே நிறுத்திக்கொண்டு, “தூரத்தில் போகும்போது கப்பல் பொருள், நாம் ஏறி உள்ளே போய்விட்டால் இடம், அப்படித்தானே டீச்சர்?” என்று கேட்டாள். இரண்டாவது அட்டை ‘குழந்தை’. ஒரு சிறுவன் அதைத் தயங்காமல் பொருள் தட்டில் வைத்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, “குழந்தை அழுதது என்றுதானே சொல்கிறோம், அழுதான் என்று சொல்வதில்லையே” என்றான். மூன்றாவதான ‘காலை’ எந்தத் தட்டிலும் சேராமல் மேசை ஓரத்திலேயே கிடந்தது. நான்காவதான ‘கூட்டம்’ என்ற அட்டைக்கு இரண்டு பிள்ளைகள் வாதாடி, மணி அடிக்கும்வரை முடிவு காணவில்லை.

இந்தப் பிள்ளைகள் மேல் வகுப்புகளுக்குப் போகும்போது பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர், சினைப்பெயர், பண்புப்பெயர், தொழிற்பெயர் என்று ஆறு வகையைப் படிப்பார்கள். என் மூன்று தட்டுகள் அவர்களை அந்த ஆறு வகைக்குத் தயார் செய்கின்றனவா, அல்லது பிறகு மறக்க வேண்டிய ஒன்றை நான் கற்றுக்கொடுக்கிறேனா? இதுவே என் கேள்வி.

நன்னூல் வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தங்கள் குழப்பத்தின் வேர், இரண்டு வேறு பகுப்புகள் ஒரே மேசையில் கலந்துவிட்டதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆறு வகைப் பகுப்பில் ‘ஆள்’ என்ற தனி வகையே கிடையாது. அங்கே பொருட்பெயர் என்பது உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் சேர்த்தே குறிக்கும்; தாயும் மயிலும் நாற்காலியும் அந்த ஒரே வகையில் அடங்குவர். அதாவது தாங்கள் ‘பொருள்’ என்று தட்டில் எழுதியதும், இலக்கணம் ‘பொருட்பெயர்’ என்பதும் ஒன்றல்ல. மனிதரைப் பிரித்துக் காட்டும் வேலையைத் தமிழ் இலக்கணம் திணை என்ற வேறோர் ஏற்பாட்டிடம் ஒப்படைத்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவே “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே” என்றுதான் தொடங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், “மக்கள் தேவர் நரகர் உயர்திணை, மற்றுயிர் உள்ளவும் இல்லவும் அஃறிணை” என்று அந்த எல்லையை இன்னும் தெளிவாக வரைந்தார்.

ஆகவே ஒவ்வொரு பெயரிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: அது எத்திணை, அது எவ்வகை? இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள். நன்னூல் உயர்திணைப் பெயர்களையே அந்த ஆறின் அடியாகப் பகுத்துக் காட்டுவது இதற்கு நல்ல சான்று. ‘வெற்பன்’ என்ற சொல்லுக்குள் வெற்பு என்ற இடம் இருக்கிறது; ‘கரியன்’ என்பதற்குள் கருமை என்ற குணம் இருக்கிறது; ஆயினும் இரண்டும் ஆளையே குறிக்கின்றன. ஒரு சொல் எதிலிருந்து பிறந்தது என்பதும் எதைக் குறிக்கிறது என்பதும் வேறு வேறு என்று முன்னோர் அறிந்தே பகுத்திருக்கிறார்கள்.

மேலைநாட்டு மரபிலும் தொடக்கத்தில் மூன்று தட்டுகள் இருந்ததில்லை. கிரேக்க இலக்கணம் எழுதிய தியோனிசியஸ் திராக்ஸ், பெயர் என்பது ஓர் உடலையோ ஒரு காரியத்தையோ குறிப்பது என்று கூறி, முன்னதற்குக் ‘கல்’லையும் பின்னதற்குக் ‘கல்வி’யையும் எடுத்துக்காட்டினார். ஆள், இடம், பொருள் என்பது சிறு பிள்ளைகளின் பயிற்சிக்காகப் பரவிய எளிய வாய்பாடு. அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தமிழின் வகைப்பாடு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது.

வீட்டில் கற்பிக்கும் தாய் எழுதியது:

மேலே உள்ள விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது, ஐயா. ஒரு சிறு ஐயம். என் மகள் ‘மயில்’ அட்டையைப் பொருள் தட்டில் வைக்கவே மறுக்கிறாள். “மயிலுக்கு உயிர் இருக்கிறது, அது பொருள் இல்லை” என்று அழுகிற அளவுக்குப் பிடிவாதம். அஃறிணை என்று நான் எடுத்துச் சொன்னாலும் அவள் மனம் ஒப்பவில்லை. அவள் சொல்வதில் மொழி சார்ந்த நியாயம் ஏதேனும் உண்டா, அல்லது அது வெறும் பாசந்தானா?

மொழியியல் மாணவி எழுதியது:

அம்மா, தங்கள் மகள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. தமிழ் தன் உருபுகளிலேயே அந்த நியாயத்தை வைத்திருக்கிறது. இதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனெனில் இந்த இழையின் எல்லாக் கேள்விகளும் இங்கேதான் வந்து சேருகின்றன என்று நினைக்கிறேன்.

‘புத்தகம் மேசையில் இருக்கிறது’ என்கிறோம். ‘புத்தகம் ஆசிரியரில் இருக்கிறது’ என்பதில்லை, ‘ஆசிரியரிடம் இருக்கிறது’ என்கிறோம். ‘வீட்டிலிருந்து வந்தது’, ஆனால் ‘அம்மாவிடமிருந்து வந்தது’. எந்த வகுப்பிலும் எவரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. மூன்று வயதுக் குழந்தைகூடப் பிழையின்றிப் பேசுகிறது. இப்போது மயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மயிலிடம் போகாதே’ என்போமே தவிர ‘மயிலில் போகாதே’ என்றால் அதன்மீது ஏறிப் போவதாக அல்லவா பொருள் மாறிவிடும்? ஆக, உருபைப் பொறுத்தவரை மயில் ஆசிரியரின் பக்கம் நிற்கிறது. வினைமுடிபிலோ ‘மயில் ஆடியது’, ‘நாற்காலி ஆடியது’ என்று நாற்காலியின் பக்கம் போய்விடுகிறது. வினைமுடிபு மக்களுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே கோடு போடுகிறது. ‘இடம்’ என்ற உருபு உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் நடுவே கோடு போடுகிறது. இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் விலங்குகளும் பறவைகளும் வாழ்கின்றன. தங்கள் மகள் இரண்டாவது கோட்டை உணர்ந்துதான் மறுக்கிறாள்.

‘குழந்தை’ அட்டையையும் இப்படியே பார்க்கலாம். ‘அழுதது’ என்ற வினைமுடிபு மட்டுமே அதைப் பொருள் பக்கம் இழுக்கிறது. மற்றபடி ‘குழந்தையிடம் பேசினாள்’ என்கிறோம். அழுவது ‘எது’ என்று கேட்பதில்லை, ‘யார்’ என்று கேட்கிறோம். இரண்டாம் வேற்றுமையும் அதையே சொல்கிறது. உயிரற்ற பொருளானால் ‘புத்தகம் படித்தேன்’, ‘படம் பார்த்தேன்’ என்று ‘ஐ’ உருபை விட்டுவிட்டும் பேசலாம். ‘குழந்தை தூக்கினாள்’ என்றால் தூக்கியவள் யார், தூக்கப்பட்டவர் யார் என்று தெரியாமல் வாக்கியம் உடைந்துபோகும். ‘குழந்தையைத் தூக்கினாள்’ என்றுதான் சொல்லியாக வேண்டும். இதில் ஓர் அழகான விதிவிலக்கும் உண்டு. ‘ஆள் தேடுகிறார்கள்’ என்றால் யாராவது ஒருவர் கிடைத்தால் போதும். ‘ஆளைத் தேடுகிறார்கள்’ என்றால் குறிப்பிட்ட ஒருவரைத் தேடுகிறார்கள். யார் என்ற அடையாளம் மறையும்போது ‘ஆள்’ என்ற சொல்லே பொருளின் இலக்கணத்துக்கு இறங்கிவிடுகிறது.

சுவாகிலி மொழியில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் காணலாம். அங்கே ‘ம்ட்டு’ என்றால் ஆள், ‘கிட்டு’ என்றால் பொருள். வேர் ஒன்றுதான், முன்னொட்டு மட்டுமே வகையைச் சொல்கிறது. தலைவரைக் குறிக்கும் ‘கியோங்கோஸி’ என்ற சொல்லோ பொருளுக்குரிய ‘கி’ என்ற முன்னொட்டோடு நிற்கிறது. அப்படி இருந்தும் வினை அதை ஆளாகவே ஏற்றுக்கொண்டு முடிகிறது. நம் ‘குழந்தை’யில் பெயர் ஆளாகவும் வினை அஃறிணையாகவும் நிற்கின்றன, அவர்கள் ‘தலைவ’ரில் பெயர் பொருளாகவும் வினை ஆளாகவும் நிற்கின்றன.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

மிகுந்த நன்றி. அந்தச் சிறுவனைத் திருத்திவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவன் வினைமுடிபைக் கவனித்துப் பேசினான் என்பது இப்போதுதான் புரிகிறது. நாளை அவனிடம் அதைச் சொல்வேன். ஆளுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள எல்லை தெளிவாகிவிட்டது. ஆனால் கப்பல்? இடத்துக்கும் பொருளுக்கும் ‘இல்’ என்ற ஒரே உருபுதானே வருகிறது? ‘வீட்டில்’, ‘பெட்டியில்’ இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே.

மொழியியல் மாணவி எழுதியது:

ஆம், இங்கே எல்லை அவ்வளவு உறுதியானதன்று. ஆயினும் ஒரு சோதனை உண்டு. ‘போ’ என்ற வினையோடு ‘கு’ உருபைச் சேர்த்துப் பாருங்கள். ‘பள்ளிக்குப் போனான்’, ‘கடற்கரைக்குப் போனான்’ என்பன இயல்பாக ஒலிக்கின்றன. ‘நாற்காலிக்குப் போனான்’ என்பது ஒலிக்கவில்லை. ‘நாற்காலி அருகே போனான்’, ‘நாற்காலிப் பக்கம் போனான்’ என்று ஒரு துணைச்சொல்லை வைத்து அதை இடமாக்க வேண்டியிருக்கிறது. ஆளானால் ‘மருத்துவரிடம் போனான்’. மூன்று தட்டுகளுக்கும் மூன்று வடிவங்கள் கிடைத்துவிடுகின்றன.

இடப்பெயர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ‘வீடு திரும்பினான்’, ‘ஊர் போய்ச் சேர்ந்தான்’ என்று உருபே இல்லாமலும் அவை நிற்கும். காலப்பெயர்களும் அப்படியே: ‘காலை வந்தான், இரவு போனான்’. மேசை ஓரத்தில் கிடந்த ‘காலை’க்கு மிக நெருங்கிய உறவு இடம்தான். ஆனால் அதற்குரிய சுட்டு ‘அங்கே’ அன்று, ‘அப்போது’. அதற்குரிய வினா ‘எங்கே’ அன்று, ‘எப்போது’. மொழி தனியாக ஒரு வினாச்சொல் வைத்திருக்கும் வகைக்கு நாமும் தனியாக ஒரு தட்டு வைப்பதே முறை என்பது என் கருத்து.

நன்னூல் வாசகர் எழுதியது:

‘மரம் ஏறினான்’, ‘மலை ஏறினான்’ என்றும் உருபின்றிச் சொல்கிறோமே? மரம் இடமாகிவிடுமா?

மொழியியல் மாணவி எழுதியது:

சரியான மறுப்பு, ஐயா. ‘ஏறு’ என்ற வினையை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். ‘போ’, ‘திரும்பு’, ‘சேர்’ போன்று சென்றடைதலைக் குறிக்கும் வினைகளோடு மட்டுமே சோதிக்க வேண்டும். ‘மரம் திரும்பினான்’ என்று எவரும் சொல்வதில்லை. அதே நேரத்தில், ஒரு பறவையைப் பற்றிய கதையில் ‘மாலையில் அந்த மரத்துக்குத் திரும்பியது’ என்று எழுதினால் அது மிக இயல்பாக ஒலிக்கிறது, ஏனெனில் பறவைக்கு மரம் இருப்பிடம். கப்பலும் இப்படித்தான். கரையில் நின்று பார்ப்பவருக்குக் ‘கப்பல் போனது’. மாலுமிக்குக் ‘கப்பலுக்குத் திரும்பினேன்’. தங்கள் மாணவி சொன்ன விடை இதுவேதான். ஆளாக இருப்பது ஏறத்தாழச் சொல்லின் இயல்பு. இடமாக இருப்பது வாக்கியத்தில் அந்தச் சொல் ஏற்கும் பொறுப்பு.

செய்தித்தாள் தரவுக் குறிப்பாளர் எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். கணினிக்குப் பயிற்சி தருவதற்காகச் செய்தி வாக்கியங்களில் உள்ள பெயர்களுக்கு ‘ஆள்’, ‘இடம்’, ‘அமைப்பு’ என்று அடையாளம் இடுவது என் அன்றாட வேலை. மூன்றாம் வகுப்பில் நடந்த அதே வாதம் எங்கள் மேசையிலும் நாள்தோறும் நடக்கிறது.

இத்துறையில் இந்தப் பணிக்கு ஒரு பெயரும் போட்டி வடிவமும் கிடைத்தது 1995இல் நடந்த ஆறாவது செய்தி புரிதல் மாநாட்டில். பின்னர் 2003இல் வெளிவந்த ‘கோனெல்’ தரவுத்தொகுப்பு ஆள், இடம், அமைப்பு, பிற என்ற நான்கு அடையாளங்களை வைத்தது. இன்றளவும் பலர் அதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். நாட்டின் பெயர்தான் எல்லாரையும் திணறவைத்தது. ஒரு நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அது நிலமா, அரசா, மக்களா? இதற்காகவே ‘ஏசிஇ’ என்ற திட்டத்தார் நிலமும் அரசும் மக்களும் ஒன்றாய்ச் சேர்ந்த பெயர்களுக்கென ஒரு தனி வகையை உண்டாக்கினார்கள்.

தமிழில் அடையாளம் இடும்போது எனக்குக் கைகொடுப்பது மேலே சொல்லப்பட்ட அந்த ‘இடம்’ உருபுதான். இந்த இரண்டு தொடர்களைப் பாருங்கள்: ‘ஆஸ்திரேலியாவில் தோற்றது’, ‘ஆஸ்திரேலியாவிடம் தோற்றது’. முதலாவதில் ஆஸ்திரேலியா ஆடுகளம் இருந்த நாடு; இரண்டாவதில் எதிரே நின்ற அணி. உருபு ஒன்று மாறியதும் ஒரு கண்டமே பதினொரு பேராகிவிடுகிறது. ‘வங்கியில் பணம் செலுத்தினார்’ என்றால் வங்கி கட்டடம் அல்லது கணக்கு. ‘வங்கியிடம் விளக்கம் கேட்டார்’ என்றால் அது பதில் சொல்லும் பொறுப்புடைய ஒரு தரப்பு. ஆங்கிலத் தரவில் இந்த வேறுபாட்டை முழு வாக்கியத்தையும் படித்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். தமிழில் பல வேளைகளில் அது சொல்லின் ஈற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அவசரமான நாளில், உருபைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து நான் அடையாளமிட்ட ஒரு கோப்பு முழுவதையும் மறுபடி செய்ய நேர்ந்தது. அன்றுமுதல் சொல்லைத் தனியாக எடுத்து வகைப்படுத்துவதை விட்டுவிட்டேன்.

அண்மைக் காலமாக இன்னொன்றையும் கவனிக்கிறேன். முன்பெல்லாம் ‘கணினியில் தேடினேன்’ என்று மட்டுமே எழுதினார்கள். இப்போது ‘செயலியிடம் கேட்டேன்’ என்று பலர் எழுதுகிறார்கள். மறுமொழி சொல்லும் எதையும் தமிழ் உயிருள்ளதன் வரிசையில் வைத்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அன்பர்களே, உரையாடல் மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசப்படும் சிலவற்றுக்கு நம் மரபில் முன்பே பெயருண்டு என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள், அது இடவாகுபெயர். நாட்டின் பெயர் அணியைக் குறிப்பதும் அதுவே.

‘குழந்தை’ குறித்தும் ஒன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பதினெட்டுச் சொற்களைத் தொகுத்து, இவையும் இவை போன்றனவும் உயர்திணைக்கு உரியனவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறார். விருந்து, குழு, அரசு, மகவு, குழவி ஆகியன அந்தப் பட்டியலில் உள்ளன. ‘குழந்தை அழுதது’ என்று அந்தச் சிறுவன் கண்டது அந்த நூற்பாவின் செய்தியே. இவற்றை “முன்னத்தின் உணரும் கிளவி” என்று அவர் குறிப்பது கவனிக்கத்தக்கது. முன்னம் என்பது சொல்லுவோன் குறிப்பு. சொல்லின் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல், சொல்லுகிறவர் எதைக் கருதிச் சொன்னார் என்று பார்த்து உணர வேண்டும்.

எனக்குள்ள ஒரே கவலை, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் உருபுச் சோதனை என்று தொடங்கிப் பாடத்தைச் சுமையாக்கிவிடுவோமோ என்பது.

மொழியியல் மாணவி எழுதியது:

ஐயா, ஆகுபெயர் என்ற விளக்கத்தை மனமார ஏற்கிறேன். கவலை பற்றி மட்டும் ஒரு சொல். உருபு, வேற்றுமை என்ற பெயர்களைப் பிள்ளைகளிடம் சொல்லவே தேவையில்லை. ‘இந்த அட்டையை வைத்து, போனான் என்று முடியும் ஒரு வாக்கியம் சொல்’ என்று கேட்டால் போதும். விடை ‘இடம்’ என்றோ ‘கு’ என்றோ ‘அருகே’ என்றோ அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

நேற்று அப்படியே செய்து பார்த்தேன். அட்டையைத் தட்டில் வைப்பதற்கு முன்னால், அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே புதிய விதி. கப்பல் அட்டை வைத்திருந்த சிறுமி இரண்டு வாக்கியங்கள் சொன்னாள். பிறகு ஒரு வெற்று அட்டை கேட்டு வாங்கி, அதிலும் ‘கப்பல்’ என்று எழுதி, ஒன்றைப் பொருள் தட்டிலும் மற்றொன்றை இடம் தட்டிலும் வைத்தாள். ‘எப்போது’ என்று எழுதிய நான்காவது தட்டைக் கொண்டுவந்ததும் ‘காலை’ தானாகவே அங்கே போய்ச் சேர்ந்தது. ‘குழந்தை’யை ஆள் தட்டுக்கு மாற்றிய சிறுவன், அட்டையின் பின்புறத்தில் ‘அழுதது’ என்று பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டான்.

‘கூட்டம்’ அட்டைக்கு முன்பு வாதாடிய இருவரும் மறுபடி எழுந்தார்கள். ஒருவன் “தலைவர் கூட்டத்திடம் பேசினார்” என்றான். மற்றவள் “அப்பா கூட்டத்துக்குப் போனார்” என்றாள். மூன்றாவதாகப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “கூட்டம் நாளைக்கு இருக்கிறது” என்றது. இந்த மூன்றாவது வாக்கியத்துக்கு எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியவில்லை. அதில் வரும் கூட்டம் ஆளுமில்லை, இடமுமில்லை, நாற்காலியைப் போன்ற பொருளுமில்லை, ஒரு நிகழ்ச்சி.

நன்னூல் வாசகர் எழுதியது:

அந்தக் குரலுக்கு உரிய பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், அம்மா. ‘கூடு’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. ‘ஓட்டம்’, ‘ஆட்டம்’ போலச் செயலைக் குறிக்கும்போது தொழிற்பெயர். கூடியவர்களைக் குறிக்கும்போது ஆகுபெயர். ‘ஓட்டம்’, ‘ஆட்டம்’ என்ற அட்டைகளையும் அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது தட்டைப் பிள்ளைகளே கேட்பார்கள்.